க்ரூசர் பைக்கில் ஆஃப்டர்மார்க்கெட் எக்ஸாஸ்ட் மாட்டுவது: அவிழ்ப்பது முதல் கடைசி முறுக்கு வரை

ஆஃப்டர்மார்க்கெட், அதாவது வண்டிக் கம்பெனி அல்லாத வேறு தயாரிப்பாளரின் புது சைலன்சர் மாட்டிய மறுவாரமே "ஹெட் பக்கம் டிக் டிக்குனு சத்தம் வருதுண்ணே" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. குனிந்து பார்த்தால், இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டும் பைப்பும் சேரும் இடத்தில் ஒரு பக்கம் மட்டும் கரி படிந்திருக்கும். பைப்பிலும் குறை இருக்காது, நடுவில் வைத்துக் கசிவை அடைக்கும் கேஸ்கெட்டிலும் குறை இருக்காது. பின்பக்க போல்ட்டை முதலில் இறுக்கிவிட்டு, மிச்சமிருந்த கோணலை ஹெட் நட்டை வைத்து இழுத்துச் சரிக்கட்டியிருப்பார்கள். இந்த வேலையில் கெட்டுப்போவதில் பெரும்பாலானவை வரிசை மாறியதால் கெட்டவை. அதனால் கீழே ஒவ்வொரு படிக்கும் அது ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இரண்டு வண்டிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒன்று ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650: பக்கத்துக்கு ஒரு சைலன்சர், பெரும்பாலானோர் சைலன்சரை மட்டும் மாற்றுவார்கள். இன்னொன்று ஹார்லி டேவிட்சன் ஐயர்ன் 883: வி-ட்வின் இன்ஜின், இரண்டு பைப்பும் வலது பக்கம், ஹெட்டிலிருந்தே முழு செட்டையும் மாற்றுகிறவர்கள் அதிகம். மற்ற க்ரூசர்களில் போல்ட் இருக்கும் இடம் மாறும், வேலையின் வரிசை மாறாது.

1. காசு கொடுக்கும் முன்

முதல் முடிவு: ஸ்லிப்-ஆனா, ஃபுல் சிஸ்டமா? ஸ்லிப்-ஆன் என்றால் பின்பக்க சைலன்சர் மட்டும் மாறும், ஹெட்டிலிருந்து வரும் பெண்ட் பைப் அப்படியே இருக்கும். ஃபுல் சிஸ்டம் என்றால் எல்லாமே மாறும். முதல் தடவை கை வைப்பவர் ஸ்லிப்-ஆனோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஹெட்டில் இருக்கும் ஸ்டட்டை (தலையில்லாத போல்ட்) தொட வேண்டியதில்லை, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் சென்சாரைக் கழற்ற வேண்டியதில்லை, கம்பெனி பெண்ட் பைப்பில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருந்தால் அதுவும் தப்பிக்கும்.

சட்டத்தையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். இந்தியாவில் 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்கு, தயாரிப்பு நிலையில் ஒலி வரம்பு 80 டெசிபல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 190(2) பிரிவின் கீழ் சத்தத்துக்கும் புகைக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸ் மூன்று மாதம் பறிபோவது எல்லாம் உண்டு. ஐரோப்பாவின் ஈ-மார்க் முத்திரை குத்திய சைலன்சராக இருந்தாலும், அந்த முத்திரையே இங்கே அனுமதிச் சீட்டு ஆகிவிடாது. தனியார் டிராக்கில் ஓட்டுவதற்கென்றே வாங்குகிறவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ரோட்டில் ஓட்டுகிறவர் கன்வெர்ட்டரையும், சத்தத்தைக் குறைக்கச் சைலன்சர் வாயில் சொருகியிருக்கும் டிபி கில்லரையும் எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நள்ளிரவில் தெருவுக்குள் நுழையும் வண்டி தூங்கும் குழந்தையை எழுப்பினால், அந்த பைப்பில் என்ன நயம் இருந்து என்ன?

வாரன்ட்டியில் இருக்கும் வண்டி என்றால் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கழற்றப்போகும் பழைய சைலன்சரை விற்றுவிடாதீர்கள்.

2. வண்டியைத் தொடும் முன் பெட்டியைப் பிரியுங்கள்

பழைய சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதன்பிறகு புதுப் பெட்டியைப் பிரித்து "பிராக்கெட் ஒண்ணு குறையுதே" என்று நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வண்டி அம்மணமாக நிற்கும், கடை பூட்டியிருக்கும்.

பெட்டியில் உள்ளதைத் துணி விரித்துப் பரப்புங்கள். கிளாம்ப், பிராக்கெட், ஸ்பேசர், போல்ட், கேஸ்கெட் எல்லாவற்றையும் இணைத்திருக்கும் தாளோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். வெர்னியர் காலிப்பர் இருந்தால் புதுக் குழாயின் உள்விட்டத்தையும், வண்டியில் இருக்கும் பெண்ட் பைப்பின் வெளிவிட்டத்தையும் அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால்கூட கிளாம்ப் எவ்வளவு இறுக்கினாலும் அந்த இணைப்பு புகை விடும்.

குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வெல்டிங் பிசிறும் இரும்புத்தூளும் ஒட்டியிருந்தால் தட்டி உதிர்த்து, துணி விட்டுத் துடைத்துவிடுங்கள்.

ஃபுல் சிஸ்டம் வாங்கியவர்கள் ஆக்சிஜன் சென்சார் துளையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஐயர்ன் 883-ல் 2013 மாடல் வரை 18 மில்லிமீட்டர் சென்சார், 2014 முதல் 12 மில்லிமீட்டர். பைப்பில் இருப்பது 18, உங்கள் சென்சார் 12 என்றால் இடையில் அடாப்டர் வேண்டும். பழைய வண்டியை இரண்டாம் கையாக வாங்கியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான்.

3. கையோடு இருக்க வேண்டியவை

சாக்கெட் செட், நீள எக்ஸ்டென்ஷன், ஆலன் கீ செட், ரிங் ஸ்பேனர். ஹார்லி என்றால் இன்ச் அளவு சாக்கெட்டும் வேண்டும், மில்லிமீட்டர் சாக்கெட்டை "ஏறக்குறைய சரியாக இருக்கிறது" என்று போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும். துரு இளக்கும் ஸ்ப்ரே, மரை பிடித்துக்கொள்ளாமலிருக்கத் தடவும் ஆன்டி-சீஸ் பேஸ்ட், ரப்பர் சுத்தியல், பழைய துணி, கையுறை.

இவற்றோடு, எவ்வளவு இறுக்குகிறோம் என்பதை அளந்து காட்டும் ஒரு டார்க் ரெஞ்ச். இதை வாங்கத் தயங்குகிறவர்கள் ஒரு நாள் வாடகைக்காவது, தெரிந்த மெக்கானிக்கிடம் கேட்டாவது எடுத்து வாருங்கள். அலுமினிய ஹெட்டில் மரை போனால் அதைச் சரிசெய்யும் செலவு ரெஞ்ச் விலையைத் தாண்டிவிடும்.

கேஸ்கெட் புதிது. கழற்றிய கேஸ்கெட் ஏற்கெனவே நசுங்கி, பழைய பைப்பின் வடிவத்துக்கு வந்துவிட்டது. புது பைப்புக்கு அது ஒத்துழைக்காது. ஸ்லிப்-ஆன் இணைப்பில் கிராஃபைட் வளையம் உள்ள வண்டியாக இருந்தால் அதற்கும் இதே விதிதான்.

4. முந்தின நாள் ராத்திரி

வண்டி முழுதாக ஆறிய பிறகு, கழற்ற வேண்டிய எல்லா நட், போல்ட், கிளாம்ப் மீதும் ஸ்ப்ரே அடித்து ராத்திரி முழுக்க விடுங்கள். மறுநாள் காலையில் இன்னொரு தடவை. எண்ணெய் மரைக்குள் இறங்க நேரம் வேண்டும். அடித்த ஐந்தாவது நிமிடத்தில் ஸ்பேனர் போடுவது அடிக்காமல் இருப்பதற்குச் சமம்.

அடிக்கும்போது பின் பிரேக் டிஸ்க்கைப் பிளாஸ்டிக் பை போட்டு மூடுங்கள். சூடான இன்ஜின் மீது அடிக்கவே கூடாது, அந்த ஸ்ப்ரே தீப்பற்றக்கூடியது.

காலையில் வண்டியை பேடாக் ஸ்டாண்டிலோ ஜாக்கியிலோ நிமிர்த்தி நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் பைப்பின் எடை ஒரு பக்கம் இழுக்கும், நேராகப் பொருந்தியதாகக் கண்ணுக்குத் தெரிவது நேராக இருக்காது. சென்சார் ஒயரைத் தொடப் போகிறீர்கள் என்றால் பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றிவிடுங்கள்.

கழற்றும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பது மாலையில் நினைவில் இருக்காது.

5. கழற்றும் வரிசை

ஃபுல் சிஸ்டம் என்றால் முதலில் சென்சார் கனெக்டர். ஒயரைப் பிடித்து இழுக்காமல், பூட்டை அழுத்திப் பிரியுங்கள். பைப்பை இறக்கும்போது ஒயர் மாட்டியிருந்தால் பைப்பின் எடை முழுக்க அந்த ஒயரில் தொங்கும்.

அடுத்து ஹீட் ஷீல்டு. அதன் பின்னால்தான் கிளாம்ப்கள் ஒளிந்திருக்கும்.

மூன்றாவதாக சைலன்சர் இணைப்பில் உள்ள கிளாம்ப்பைத் தளர்த்துங்கள். தளர்த்தினால் போதும். பின்பக்க மவுன்ட் போல்ட்டைக் கடைசியாக, ஒரு கையால் சைலன்சரைத் தாங்கிக்கொண்டு கழற்றுங்கள். கூட ஓர் ஆள் இருந்தால் நல்லது. தாங்காமல் கழற்றினால் சைலன்சர் பின்பக்கம் தொங்கி, பெண்ட் பைப்பை நெம்புகோல் போல வளைத்து, ஹெட் ஸ்டட் வரை அழுத்தம் போகும்.

வர மறுக்கிறதா? இடமும் வலமுமாகத் திருகிக்கொண்டே பின்னால் இழுங்கள். ஸ்க்ரூ டிரைவரை நடுவில் விட்டு நெம்பினால் பெண்ட் பைப்பின் வாய் நசுங்கும். வட்டம் கெட்ட வாயில் புது சைலன்சர் ஒழுங்காக உட்காராது.

ஸ்லிப்-ஆன் மாட்டுகிறவர்கள் இங்கிருந்து நேராக ஏழாவது படிக்குப் போகலாம்; இனி ஹெட்டைப் பற்றியும் சென்சாரைப் பற்றியும் வரும் வரிகள் ஃபுல் சிஸ்டத்துக்கு மட்டும்.

6. ஹெட் நட்டும் ஸ்டட்டும்

ஃபுல் சிஸ்டத்தில் பயப்பட வேண்டிய இடம் இது ஒன்றுதான். பல வருஷம் சூடேறி ஆறி, நட்டும் ஸ்டட்டும் ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும்.

நேர் சாக்கெட் போட்டு, ஒரு மயிரிழை அளவு இறுக்கும் பக்கம் தள்ளிப் பாருங்கள். துருவின் பிடி விடும்போது 'டக்' என்று கையில் ஓர் அதிர்வு வரும். அதன்பிறகு கால் சுற்று தளர்த்து, எட்டிலொரு பங்கு இறுக்கு, மறுபடி தளர்த்து. இப்படி முன்னும் பின்னுமாகப் போனால் துருத்தூள் மரையிலிருந்து வெளியே வரும். ஒரே மூச்சில் தளர்த்தினால் அந்தத் தூளே மரைக்குள் திரண்டு ஸ்டட்டை முறித்துவிடும்.

என் முதல் வண்டியில் நான் பொறுமையிழந்து நீளக் குழாயை ஸ்பேனரில் சொருகி இழுத்தேன். வெண்ணெய் அறுபடுவதுபோல் கை திடீரென்று லேசாகிவிட்டது. நட் சுற்றுகிறது என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். நட்டோடு ஸ்டட்டின் பாதி கையில் வந்தது, மீதிப் பாதி ஹெட்டுக்குள். அதை எடுக்க ஹெட்டை லேத்துக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அந்த லேசான உணர்வை இன்றும் என் உள்ளங்கை மறக்கவில்லை. கனமாக இருக்கும் நட் திடீரென்று ரப்பர்போல் இழுபட்டால் உடனே நிறுத்துங்கள். ஸ்டட் முறுக்கிக்கொண்டிருக்கிறது. மறுபடி ஸ்ப்ரே, மறுபடி ஒரு ராத்திரி. அப்படியும் அசையாவிட்டால் அதைச் சூடேற்றிக் கழற்றத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள், அதில் வெட்கம் இல்லை.

நட்டோடு ஸ்டட்டும் முழுசாகத் திருகிக்கொண்டு வந்துவிட்டால் பயப்படாதீர்கள். ஹெட்டின் மரை நன்றாக இருக்கிறதா என்று பார்த்துப் புது ஸ்டட் போடலாம்.

பைப் இறங்கியதும் எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் பழைய கேஸ்கெட் இருக்கும். வளைந்த ஊசியால் கொக்கி போட்டு வெளியே இழுங்கள். அது ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் மேலேயே புதியதை வைப்பவர்கள் இருக்கிறார்கள், இரண்டு கேஸ்கெட் உட்காருகிற ஆழம் அங்கே கிடையாது. கழற்றிய கையோடு போர்ட்டில் துணியைச் சொருகிவிடுங்கள். ஒரு சின்ன வாஷர் உள்ளே விழுந்தால் அது வால்வு வரை போகும். மாட்டும் முன் துணியை எடுக்க மறக்காமலிருக்க, அதன் ஒரு முனை வெளியே நீளமாகத் தொங்கட்டும்.

7. எல்லாவற்றையும் விரல் இறுக்கத்தில் மாட்டுங்கள்

இந்தப் படி முடியும் வரை ஸ்பேனரைக் கையில் எடுக்காதீர்கள். இந்த முழு வேலையில் ஒரே ஒரு படியைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள் என்பேன்.

கேஸ்கெட்டைப் போர்ட்டில் உட்கார வையுங்கள். ஹார்லியின் சரிவு வைத்த கேஸ்கெட் என்றால் சரிவுப் பக்கம் வெளியே, பைப்பைப் பார்த்தபடி இருக்க வேண்டும். ஸ்டட் மரையில் ஆன்டி-சீஸ் கொஞ்சமாகத் தடவுங்கள், அடுத்த தடவை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார். சென்சார் மரையிலும் தடவலாம், ஆனால் அதன் மூக்கில் படக் கூடாது.

பைப்பை ஹெட்டில் வைத்து நட்டுகளை விரலால் மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். இணைப்புக் கிளாம்ப்பை இப்போதே குழாயில் கோத்துக்கொள்ளுங்கள். சைலன்சரைச் சொருகிய பிறகு கிளாம்ப் தரையில் கிடப்பதைப் பார்த்து, மறுபடி எல்லாவற்றையும் உருவுவது புதியவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்வது. சைலன்சரை அதற்குரிய ஆழம் வரை திருகிச் சொருகுங்கள். கடைசியாகப் பின் மவுன்ட் போல்ட்டை விரலால்.

இப்போது எழுந்து நின்று தள்ளியிருந்து பாருங்கள். மவுன்ட் ஓட்டையும் பிராக்கெட் ஓட்டையும் தானாக நேருக்கு நேர் வந்ததா, அல்லது கையால் அழுத்திப் பிடித்ததால்தான் போல்ட் நுழைந்ததா? அழுத்த வேண்டியிருந்தால் அந்த அழுத்தம் அங்கேயே தங்கும். இடைவெளி எவ்வளவோ அவ்வளவுக்கு ஸ்பேசரோ வாஷரோ போட்டு நிரப்புங்கள். போல்ட்டை வைத்து இடைவெளியை இழுத்து மூடினால், சில ஆயிரம் கிலோமீட்டரில் பிராக்கெட் வெல்டிங்கில் விரிசல் விழும்.

ஒருவரை சீட்டில் உட்கார வைத்து, பின் சஸ்பென்ஷனை அமுக்கச் சொல்லுங்கள். ஸ்விங் ஆர்ம், பிரேக் ஹோஸ், பிரேக் பெடல், சாடில் பேக் இவற்றுக்கும் பைப்புக்கும் இடையில் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். பிரேக் ஹோஸ் உரசினால் வேறு பேச்சே இல்லை, திரும்பக் கழற்றி மாற்றுங்கள்.

8. கடைசி முறுக்கு: ஹெட்டிலிருந்து பின்னால்

முதலில் ஹெட் நட்டுகள். ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு இன்னொன்றுக்குப் போகக் கூடாது. இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று மாறி மாறி ஏற்றினால்தான் பைப்பின் வாயை ஹெட்டோடு பிடிக்கும் தட்டான பிளேஞ்ச் நேராக இறங்கி கேஸ்கெட்டைச் சமமாக நசுக்கும். பிளேஞ்ச்சுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

ஐயர்ன் 883-ன் பிற்கால மாடல்களில் இந்த நட்டுக்கு 11 முதல் 14 நியூட்டன் மீட்டர்தான். கையில் பிடித்துப் பார்த்தால் "இவ்வளவு குறைவா?" என்று தோன்றும். அந்த எண்ணம்தான் ஸ்டட்டை முறிக்கிறது. ஆன்டி-சீஸ் தடவிய மரையில் உராய்வு குறைவு என்பதால் அதே எண்ணுக்கு இன்னும் அதிக இழுவை விழும், ஆகவே கீழ் எல்லையில் நிறுத்துங்கள். வேறு வண்டி என்றால் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணை மட்டுமே நம்புங்கள்.

அடுத்து நடுவில் உள்ள பிராக்கெட், அதன்பிறகு பின் மவுன்ட் போல்ட், எல்லாவற்றுக்கும் கடைசியாக இணைப்புக் கிளாம்ப். குழாய்க்குள் குழாய் நகரும் இடம் அது ஒன்றே. மற்றவை உட்காரும் வரை அது கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும், அதனால் அதைக் கடைசியில் பூட்டுகிறேன். தயாரித்தவரின் தாளில் கிளாம்ப்பை முன்னதாக இறுக்கச் சொல்லியிருந்தால் தாளின்படி செய்யுங்கள். ஹெட் முதலில் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

கிளாம்ப் போல்ட்டின் தலை தரையைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம், நம் ஊர் வேகத்தடை அதைப் பெயர்த்துவிடும்.

9. ஸ்டார்ட் செய்யும் முன் துடையுங்கள், பிறகு கேளுங்கள்

குரோம், ஸ்டெயின்லெஸ் பைப்பில் விழுந்த கைரேகையும் எண்ணெய்க் கறையும் முதல் சூட்டிலேயே வெந்து நிரந்தரமாகப் பதிந்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து முழுசாகத் துடைத்து, உலர விடுங்கள். அதன்பிறகு வெறும் கையால் தொட வேண்டாம்.

பேட்டரியையும் சென்சார் கனெக்டரையும் திரும்ப மாட்டுங்கள். வண்டியைத் திறந்தவெளிக்குக் கொண்டுவந்து ஸ்டார்ட் செய்து, ஐடிலில் விடுங்கள். கொஞ்ச நேரம் புகையும் நெடியும் வரும், தயாரிப்பு எண்ணெய் எரிகிறது. சில நிமிடத்தில் நின்றுவிடும். முறுக்கி முறுக்கிச் சத்தம் கேட்கும் ஆசையை அடக்குங்கள்.

பைப் சூடேறும் முன், முதல் அரை நிமிடத்தில், ஒவ்வொரு இணைப்பைச் சுற்றியும் தொடாமல் கையைக் கொண்டுபோங்கள். கசிவு இருந்தால் காற்று 'புஸ் புஸ்' என்று உள்ளங்கையில் படும். சந்தேகமிருந்தால் வண்டி ஆறியிருக்கும்போது இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி ஸ்டார்ட் செய்யுங்கள், நுரை குமிழி விடும்.

பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, முழுதாக ஆற விடுங்கள். ஆறிய பிறகு டார்க் ரெஞ்ச்சால் அதே வரிசையில் ஒரு சுற்று சரிபாருங்கள். சூட்டில் கேஸ்கெட் இன்னும் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.

10. பட்படவென்று வெடித்தால்

ஆக்சிலரேட்டரை விடும்போது பின்னால் 'பட் பட்' என்று வெடிப்பதைக் கேட்டதும் பலர் இசியு (இன்ஜினுக்குப் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சின்னக் கணினி) டியூனிங் கடையைத் தேடி ஓடுகிறார்கள். முதலில் கசிவைப் பாருங்கள். இணைப்பு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் அதோடு சேர்ந்து பைப்புக்குள் எரிவதுதான் அந்தச் சத்தம். வெளிக்காற்று சென்சாரையும் ஏமாற்றும், கலவை மெலிந்திருக்கிறது என்று நினைத்து இசியு தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். கசிவை அடைத்தாலே பல வண்டிகள் அமைதியாகிவிடுகின்றன.

கசிவே இல்லை, பெண்ட் பைப்பையும் மாற்றியிருக்கிறீர்கள், ஏர் ஃபில்டரும் மாறியிருக்கிறது என்றால் டியூனிங் வேண்டியதுதான். ஆக்சிஜன் சென்சார் சீரான ஓட்டத்தில் கலவையைத் திருத்திக்கொள்ளும். முழு திராட்டிலில் இசியு தன் பழைய அட்டவணைப்படியே பெட்ரோல் விடும், அந்த அட்டவணை பழைய பைப்புக்காக எழுதியது. கன்வெர்ட்டர் இருக்கும் பெண்ட் பைப்போடு ஸ்லிப்-ஆன் மட்டும் மாட்டியவருக்குப் பெரும்பாலும் இது தேவைப்படாது.

ஹெட் அருகே பைப் நீலமாகிறது என்று கவலைப்படுகிறவர்களுக்கு: ஒற்றைச் சுவர் பைப்பில் ஓரளவு நிறமாற்றம் இயல்பு. ஒரு சிலிண்டரின் பைப் மட்டும் மற்றதைவிட வேகமாக நீலம் ஏறினால் அந்தப் பக்கம் கசிவோ மெலிந்த கலவையோ இருக்கிறதா என்று தேடுங்கள்.

முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும், ஆறிய வண்டியில் எல்லா போல்ட்டையும் இன்னொரு தடவை சரிபாருங்கள். பழைய சைலன்சரின் வாயில் எண்ணெய்த் துணியை அடைத்து, அதன் போல்ட், வாஷர், கிளாம்ப் எல்லாவற்றையும் ஒரு சின்னப் பையில் போட்டு, "வலது", "இடது" என்று எழுதி அதிலேயே கட்டித் தொங்கவிட்டு, பரணில் வைத்துவிடுங்கள்.